ஐடி வேலையை விட்டுத் தொழில் தொடங்கினால் உங்கள் சம்பளத்தை யார் தருவது?

பெரும்பாக்கம்_தோழி

தோழிகளே, வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, இதுவரை எழுதியதில்லை. இப்போது எனக்கே கேட்க வேண்டியது வந்துவிட்டது.

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் டீம் லீடாக இருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் வருவது 78,000. வீட்டுக்கடன் தவணையைக் கணவரும் நானும் பாதிப் பாதி கட்டுகிறோம். பையன் யூகேஜி. அமெரிக்க கிளையண்ட் என்பதால் இரவு எட்டரைக்கு மேல்தான் முக்கியமான கால்கள் எல்லாம். அவன் தூங்கப் போகும் நேரத்தில் நான் ஹெட்செட் மாட்டுகிறேன்.

வார இறுதி வகுப்பில் ஆரி வேலை (கொக்கி ஊசியால் செய்யும் கை எம்பிராய்டரி) கற்றுக்கொண்டேன். எங்கள் அபார்ட்மெண்டிலேயே மாதம் மூன்று, நான்கு கல்யாண பிளவுஸ் வருகிறது. ஒன்றுக்கு 4,500 வாங்குகிறேன். வேலையை விட்டால் மாதம் பதினைந்து செய்யலாம், அது 67,500 ஆகிறது, சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட சமம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். "வீட்டிலிருந்தே செய்யலாம், பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம்" என்று மாமியாருக்கும் சந்தோஷம். கணவர் உன் இஷ்டம் என்கிறார்.

கையில் எவ்வளவு சேமிப்பு இருந்தால் வேலையை விடலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செக்குக்கடை_அவிநாசி

மனிதவளப் பிரிவு வேலையை 2019-இல் விட்டுவிட்டு மரச்செக்கு எண்ணெய்க் கடை போட்டவள் நான். சேமிப்புக்கு அப்புறம் வருவோம். அந்த 4,500-இல் உங்கள் கூலி எவ்வளவு என்று முதலில் எழுதிப் பாருங்கள். பெண்கள் நடத்தும் சின்னத் தொழில்கள் மூடப்படுவதை நிறையப் பார்த்துவிட்டேன். சரக்கு விற்காமல் மூடியவை குறைவு. நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே, நடத்துகிறவளுக்கு ஒன்றும் மிஞ்சாமல் மூடியவைதான் அதிகம்.

எண்ணெயை வைத்துச் சொல்கிறேன். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குப் பருப்பின் தரத்தைப் பொறுத்து 2.3 முதல் 2.5 கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆகும். கிலோ 120 ரூபாய் என்று வைத்தால் 2.4 கிலோவுக்கு 288. புண்ணாக்கு 1.3 கிலோ போலத் திரும்பி வரும், அதை மாட்டுக்காரர்கள் 40 ரூபாய்க்கு எடுத்தால் 52 கழியும். கரண்ட், பாட்டில், லேபிள் 30. ஆக 266. பக்கத்து ஊரில் 310-க்கு விற்கிறார்கள், நாமும் அதையே வைப்போம் என்றால் லிட்டருக்கு 44 நிற்கும். மாதம் 500 லிட்டர் போனால் 22,000. கேட்க நன்றாக இருக்கிறது. கடை வாடகை 9,000, செக்கு ஓட்டும் அண்ணனுக்கு 14,000. முடிந்தது, ஆயிரம் ரூபாய் கைநஷ்டம். காலை எட்டிலிருந்து இரவு வரை கடையில் நிற்பவளுக்கு இதில் எங்கே கூலி?

அதே எண்ணெய்க்கு 360 வைத்தால் 24,000 மிஞ்சும். நான் அப்படித்தான் வைத்தேன். விலை கூட என்று போனவர்கள் உண்டு. கண்ணெதிரே ஆட்டித் தருவதைப் பார்த்துவிட்டு நின்றவர்களும் உண்டு. ஐந்தாம் தேதி அந்த அண்ணனுக்குச் சம்பளம் போடும்போதே நடப்புக் கணக்கிலிருந்து என் சேமிப்புக் கணக்குக்கு 22,000 போட்டுவிடுவேன். பருப்பு விலை ஏறின மாதத்திலும் இதை நிறுத்துவதில்லை. எனக்குச் சம்பளம் போட முடியவில்லை என்றால் விலை தவறு, அல்லது வாடகை தவறு. அந்த மாதமே அதைச் சரி பண்ணுவேன்.

"வீட்டிலிருந்தே செய்யலாம், பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சைக் கவனியுங்கள். உங்கள் மாமியார் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் இரண்டு முழுநேர வேலைகள் அந்த ஒரே வாக்கியத்துக்குள் இருக்கின்றன, இரண்டுக்கும் சம்பளம் இல்லை.

ஆரி_கோவை

தோழி, தொழில்காரியாகச் சொல்கிறேன், உங்கள் பதினைந்து பிளவுஸ் கணக்கு நடக்காது. கல்யாண பிளவுஸ் என்றால் முதுகு, இரண்டு கை, கழுத்து எல்லாம் வேலைப்பாடு. ஜரி, கட் பீட்ஸ், சுகர் பீட்ஸ், நடுவில் குந்தன் என்று நிறைத்தால் ஒரு ஆள் கைக்கு 30 மணி நேரம் சாதாரணமாகப் போகும். பதினைந்துக்கு 450 மணி நேரம். ஞாயிறும் விடாமல் தினம் 15 மணி நேரம், துணியை இழுத்துக் கட்டும் ஆரி கட்டிலில் குனிந்து உட்கார வேண்டும். முதுகும் கண்ணும் ஒரு முகூர்த்த சீசனைக்கூடத் தாங்காது.

விலைக்கு வாருங்கள். 4,500-இல் மெட்டீரியல் 1,100, லைனிங்கோடு தைக்கிற டெய்லருக்கு 600. மீதி 2,800-ஐ 30-ஆல் வகுத்தால் மணிக்கு 93 ரூபாய். உங்கள் 78,000 சம்பளத்தை மாதம் 180 மணி நேரத்துக்கு வகுத்தால் 430 சொச்சம் வருகிறது. நான் யாரையும் மணிக்கணக்கு வைக்காமல் இந்தத் தொழிலில் இறங்கச் சொல்வதே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு பிளவுஸுக்கும் உட்காரும் நேரம், எழும் நேரம் எழுதுங்கள். பத்துப் பிளவுஸ் எழுதிய பிறகு விலைப்பட்டியல் தானாக வரும்.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் இதே டிசைனை ஒரு மதியத்துக்குள் போட்டு விடுகிறது, 1,500-க்குத் தருகிறார்கள். அதோடு விலையில் மோதக் கூடாது. கை ஆரியின் தூக்கலும் பளபளப்பும் தெரிந்து கேட்டு வருகிறவர்கள்தான் நம் வாடிக்கையாளர்கள். அவர்கள் 7,000, 8,000 கொடுக்கிறார்கள். சென்னையில் இன்னும் கூடுதலாகவே கொடுப்பார்கள்.

இன்னொரு விஷயம், சம்பளக்காரர்களுக்கு இது பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. மார்கழி நடுவிலேயே தைக்கான ஆர்டர்கள் வந்து குவியும், கை ஓயாது, ஆனால் பாதிப் பணம் டெலிவரிக்குப் பிறகுதான். ஆனி கடைசியிலிருந்து ஆடி நடு வரை வேலையும் இருக்காது, பணமும் இருக்காது. ஆகவே பாதி முன்பணம் வாங்காமல் ஊசியை எடுக்காதீர்கள், சொந்த நாத்தனாராக இருந்தாலும் சரி. வைகாசியில் வருகிற காசில் ஆடிக்கு எடுத்து வையுங்கள்.

சேலம்_இளம்பிள்ளை

எல்லோரும் பணத்தையே பேசுகிறீர்கள், நான் மாறுபடுகிறேன். பெங்களூரில் பிபிஓ வேலையில் இருந்தேன், இரண்டாவது குழந்தைக்குப் பிறகு விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டோம். இளம்பிள்ளையில் தறிக்காரர்களிடம் நேரடியாகப் புடவை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு விற்கிறேன். புடவைக்கு 80, 100 ரூபாய் நிற்கும். மாதம் 8,000 வந்தால் பெரிது. ஆனால் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்போது வாசலில் நான் நிற்கிறேன். அதற்கு என்ன விலை போடுவீர்கள்? எல்லாவற்றையும் மணிக்கு இவ்வளவு என்று அளந்தால் நாம் விட்டு வந்த ஆபீஸுக்கும் வீட்டுக்கும் என்ன வித்தியாசம்?

செக்குக்கடை_அவிநாசி

சேலம் தோழி, நீங்கள் வாசலில் நிற்பதை நான் குறைத்துப் பேசவில்லை. எனக்கும் பெண் பிள்ளை இருக்கிறாள், கடைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். நேரத்துக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வது உங்கள் முடிவு, நியாயமான முடிவு. நான் கேட்பது இதுதான்: அந்தக் குறைச்சலை வீட்டில் யாராவது கணக்கில் எழுதுகிறார்களா? நீங்கள் விட்ட சம்பளத்தோடு சேர்த்து உங்கள் பிஎஃப் நின்றது. அவருடையது ஓடிக்கொண்டிருக்கிறது. பதினைந்து வருடம் கழித்து ஒருவர் பெயரில் ஓய்வுக்காலப் பணம் இருக்கும், இன்னொருவர் பெயரில் இருக்காது. மாதாமாதம் உங்கள் பெயரில் பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதியிலோ வேறு எதிலோ ஒரு தொகை போகிறது என்றால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

சேலம்_இளம்பிள்ளை

பிபிஎஃப் எதுவும் இல்லை. இன்று இரவு அவரிடம் பேசுகிறேன்.

மீண்டும்_ஐடி

வேளச்சேரியில் கிளவுட் கிச்சன் (டெலிவரிக்கு மட்டும் சமைக்கும் கடை) நடத்திவிட்டு மறுபடி வேலைக்குப் போனவள் நான். இந்த இழையில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"கனவைத் துரத்தி வேலையை விட்டார்" என்று பத்திரிகையில் எழுதுகிறார்களே, நான் பார்த்த பெண்களில் பலர் கனவுக்காக விடவில்லை. குழந்தையை விட இடம் இல்லாமல் விட்டார்கள். 2017-இல் திருத்திய மகப்பேறுச் சட்டப்படியும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படியும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. நான் இருந்த பழைய நிறுவனத்தில் காப்பகம் என்று ஒரு முகவரி இருந்தது, அலுவலகத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி. பையனை அங்கே விட்டுவிட்டு ஓஎம்ஆர் டிராஃபிக்கில் நான்கு முறை யார் போய் வருவது? ராஜினாமா கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதினேன். எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

2023-இல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் இதைப் பற்றித்தான் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்திருக்கிறார். கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஓடி வருகிறவருக்கே கூடுதல் சம்பளம் தரும் வேலைகளில், குழந்தை வந்ததும் தம்பதியில் ஒருவர்தான் அப்படி ஓட முடியும். இன்னொருவர் பின்வாங்க வேண்டியிருக்கிறது, அது பெரும்பாலும் பெண். இரவு எட்டரை மணி கால் என்று நீங்கள் எழுதியதை வாசித்ததும் எனக்கு அதுதான் நினைவு வந்தது.

அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுபவர்கள் சேர்ந்து 2017-18-இல் 23.3 சதவீதம், 2023-24-இல் 41.7 சதவீதம். பெரிய ஏற்றம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில் சுயதொழில் செய்பவர்களே அதிகம், குடும்பக் கடையிலும் வயலிலும் சம்பளமே இல்லாமல் உதவுகிறவர்களும் அந்தச் சுயதொழில் தலைப்புக்குள்தான் வருகிறார்கள். அவிநாசி தோழி கேட்ட கூலிக் கேள்வியை நாடு முழுக்கக் கேட்கலாம்.

ஃபால்குனி நாயரை உதாரணம் காட்டுவார்கள். கோட்டக் முதலீட்டு வங்கியில் உச்சப் பதவியை விட்டுவிட்டு ஐம்பதை நெருங்கும் வயதில் 2012-இல் நைக்கா என்ற அழகுப் பொருள் விற்பனை நிறுவனத்தைத் தொடங்கியவர். அவர் திறமை மேல் எனக்கு மரியாதை உண்டு. அப்போது அவர் கணவர் கேகேஆர் என்ற பெரிய முதலீட்டு நிறுவனத்தின் இந்தியத் தலைவராக இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கதை உதவும்.

என் கிச்சனைப் பற்றி: சாப்பாடு நன்றாகப் போனது. டெலிவரி செயலி ஆர்டர் தொகையில் கால் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டது, தள்ளுபடியில் என் பங்கு தனி. கேஸ் சிலிண்டர், பேக்கிங் டப்பா, சமையலுக்கு நின்ற அக்காவின் சம்பளம் போக எனக்கு நின்றது என் பழைய சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு. யோசித்து, கணக்கை மூடி, வேலைக்குத் திரும்பினேன். நேர்காணலில் "கேப்", அதாவது வேலையில் இடைவெளி என்றார்கள். கேப் இல்லை, ஒரு நிறுவனம் நடத்தினேன் என்று ஆர்டர் எண்ணிக்கை, வரவு செலவு, ஆள் எடுத்தது, உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லாவற்றையும் அனுபவமாக எழுதிக் கொடுத்தேன். பழைய சம்பளத்தைவிடச் சற்றுக் குறைவாகத்தான் கிடைத்தது, இரண்டு வருடத்தில் சரியாகிவிட்டது. திரும்பிப் போவதும் ஒரு வழி, அதில் தலைகுனிவு ஒன்றும் இல்லை.

மயிலாப்பூர்_ஆடிட்டர்

தணிக்கையாளர் என்ற முறையில் சில விஷயங்கள். பெரும்பாக்கம் தோழி, ராஜினாமா கொடுப்பதற்கு முன்பு முடிக்க வேண்டியவைதான் இதில் முக்கியம்.

மருத்துவக் காப்பீடு முதலில். கம்பெனி கொடுத்த குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். மாமனார் மாமியார் அதில் இருந்தால் அவர்களுக்கும் போய்விடும். சொந்த பாலிசியில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். ஆகவே வேலையில் இருக்கும்போதே எடுங்கள், அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை.

அடுத்தது கடன். இருக்கும் வீட்டுக்கடனை மாற்றவோ கூடுதலாக வாங்கவோ எண்ணம் இருந்தால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள். வேலையை விட்ட பிறகு தொழில் வருமானத்துக்கு இரண்டு வருட வரித் தாக்கலாவது வங்கி கேட்கும்.

ஒரே நிறுவனத்தில் ஐந்து ஆண்டு முடிந்திருந்தால் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை உண்டு. கிராஜுவிட்டிக்குக் கணக்கிடும் கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்குங்கள். ஐந்தாண்டு முடிய ஆறு மாதம் இருக்கும்போது கோபத்தில் ராஜினாமா கொடுத்த ஒருவர் என்னிடம் வந்தார். அவ்வளவு பெரிய தொகை அது, பொறுங்கள். பிஎஃப் பணத்தைத் தொழிலில் போடாதீர்கள். அப்படியே கிடந்தாலும் வட்டி வரும்.

ஜிஎஸ்டியில் உங்கள் தொழிலுக்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவர்களுக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியில் வேலை செய்து தருவது சேவை, அதற்கு 20 லட்சம். ரெடிமேட் பிளவுஸும் விற்று ஆரி வேலையும் எடுத்தால் இரண்டும் சேர்த்து 20 லட்சம்தான் வரம்பு. வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்றால் இந்த வரம்பே கிடையாது, அவிநாசி தோழி பெங்களூருக்கு ஒரு டின் எண்ணெய் விற்றாலும் பதிவு வேண்டும். கைவினைப் பொருள்கள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு, உங்கள் ஆரி வேலை அதில் வருமா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை அரசு தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் வைத்து நீங்களே போடலாம். பைசா செலவில்லை. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தளங்கள் தனியார் தளங்கள். வருமான வரிக்கு, ஆண்டு விற்பனை 2 கோடிக்குள் இருந்தால் வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டி முடித்துக்கொள்ளும் வழி உண்டு. ஆனால் லாபம் அதற்கு மேல் உண்மையில் இருந்தால் உள்ளபடி காட்டுங்கள். நாளைக்குக் கடன் கேட்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

எல்லாவற்றையும் உங்கள் பெயரில் செய்யுங்கள். கணவர் பெயரில் ஜிஎஸ்டி, மாமனார் பெயரில் நடப்புக் கணக்கு என்று வந்த பெண்களின் ஃபைல்கள் என் மேஜையில் இருக்கின்றன. உழைத்தது அவர்கள், வருமானம் இன்னொருவர் பான் எண்ணில். பத்து வருடம் தொழில் செய்தும் அவர்கள் பெயரில் காட்ட ஒரு ரூபாய் வருமானம் இல்லை.

செக்குக்கடை_அவிநாசி

மேடம், ஒரு சந்தேகம். ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கு எண்ணெய் போடுகிறேன், 90 நாள் ஆகியும் பணம் வருவதில்லை. கேட்டால் அடுத்த வாரம், அடுத்த வாரம். உத்யம் இருக்கிறது. ஏதாவது வழி உண்டா?

மயிலாப்பூர்_ஆடிட்டர்

உண்டு. நீங்கள் சொந்தமாக ஆட்டித் தயாரிப்பதால் உற்பத்தியாளர், வாங்கி விற்கும் வியாபாரியாக இருந்தால் இது எடுபடாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: அந்தக் கெடுவுக்குள் தராத தொகையைப் பணம் கொடுக்கும்வரை அவர்கள் தங்கள் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. உங்கள் பில்லில் உத்யம் எண்ணை அச்சடியுங்கள். மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே கூப்பிட்டுப் பணம் போடச் சொல்வார். அப்படியும் வராவிட்டால், தாமதமாகும் பணத்துக்கென்றே அரசு வைத்திருக்கும் தளத்தில் புகார் கொடுக்கலாம்.

ஓய்வு_வங்கி_மேலாளர்_தஞ்சை

பொதுத்துறை வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடன் பற்றி இரண்டு வார்த்தை.

பெரும்பாக்கம் அம்மா, உங்களுக்கு முத்ரா என்ற மத்திய அரசின் சிறுதொழில் கடன் போதும். 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண், அடமானம் கேட்கக் கூடாது. ஆரி கட்டில், ஓவர்லாக் மெஷின், மெட்டீரியல் இருப்பு எல்லாம் சேர்த்தாலும் கிஷோருக்குள் அடங்கும். அவிநாசி அம்மா இரண்டாவது செக்கு போட நினைத்தால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய் விசாரிக்கலாம். பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் புதிய உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. பெண்களுக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம், மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். அந்த மானியம் கையில் வராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாக இருந்து, தொழில் ஒழுங்காக நடந்தால்தான் கடனில் கழியும். மானியத்தை நம்பி மெஷின் வாங்குபவர்கள் முதல் வருடத்திலேயே திணறுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் தொழிலின் விரிவாக்கத்துக்கு விதிகள் வேறு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் மேலாளராக இருந்தபோது இரண்டு விதமாகவும் பார்த்தேன். மனைவி பெயரில் விண்ணப்பம், பேசுவது முழுக்கக் கணவர். அந்த அம்மாவுக்கு என்ன தொழில் என்றே தெரியாது. அதைப் பார்த்துப் பார்த்துச் சந்தேகப்படுகிற அதிகாரிகள், தானே கணக்கு வைத்துத் தொழில் நடத்தும் பெண்ணிடமும் "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள்" என்பார்கள். அப்படிச் சொன்னால் எழுந்துவிடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். அவிநாசி அம்மா சொன்ன மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் தொடர்ந்து ஏறியிருந்தால், அந்த அறிக்கையைப் பார்க்கும் எந்த அதிகாரிக்கும் இது பெயருக்கு நடத்தும் தொழில் இல்லை என்று புரிந்துவிடும்.

தாம்பரம்_வாசகர்

கணவர்கள் தரப்பிலிருந்து எழுதுகிறேன். என் மனைவி ஒரு வங்கியின் மென்பொருள் பிரிவிலிருந்து விலகிச் சிறுதானிய மாவு, சத்துமாவு செய்து விற்கிறார். "உன் இஷ்டம்" என்று சொன்னால் ஆதரவு போலத் தெரியும், பொறுப்பு முழுக்க அவர்கள் தலையில் போய்விடும். நாங்கள் வேறு மாதிரி செய்தோம். அவர் விலகுவதற்கு முன்பே வீட்டுச் செலவை என் சம்பளத்துக்குள் சுருக்கினோம், அவருடைய சம்பளத்தைத் தொடவே இல்லை. அந்த மாதங்களில் எது முடியும், எது முடியாது என்று தெரிந்துவிட்டது. காரை விற்றோம். சேர்ந்த பணம் அவருடைய தொழிலுக்குக் கையிருப்பு ஆனது. காலையில் பிள்ளைகளைக் கிளப்புவதும் டிபன் கட்டுவதும் என்னுடையது, ஏனென்றால் மாவு அரைப்பது அந்த நேரத்தில்தான். பெரும்பாக்கம் தோழியின் கணவர் இதை வாசித்தால் ஒன்று சொல்வேன்: அண்ணா, காலை எட்டு மணி வரை அந்த வீட்டில் யார் என்ன செய்வது என்று தாளில் எழுதுங்கள்.

பெரும்பாக்கம்_தோழி

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. வார இறுதியில் கணவரும் நானும் உட்கார்ந்து எழுதினோம்.

இப்போதைக்கு வேலையை விடவில்லை. கிராஜுவிட்டிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது, இரண்டும் ஆடிட்டர் மேடம் எழுதியதை வாசித்த பிறகுதான் உறைத்தது. இந்த மாதத்திலிருந்தே கணவர் சம்பளத்தில் குடும்பம், என் சம்பளம் தனியாக. நோட்டு வைத்து மணிக்கணக்கு எழுதத் தொடங்கிவிட்டேன், நேற்று முடித்த பிளவுஸ் கைக்கு மட்டும் ஒன்பது மணி நேரம்.

இரண்டு கேள்விகள் மிச்சம். வேலையில் இருந்துகொண்டே பிளவுஸ் எடுப்பதில் சட்டச் சிக்கல் உண்டா? பழைய வாடிக்கையாளர்களிடம் விலை ஏற்றுவதை எப்படிச் சொல்வது? எல்லோரும் ஒரே அபார்ட்மெண்ட், தினமும் லிஃப்டில் பார்க்கிறோம்.

மயிலாப்பூர்_ஆடிட்டர்

உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வேறு வேலை, வேறு தொழில் கூடாது, அல்லது முன் அனுமதி வேண்டும் என்று பெரும்பாலான ஐடி நிறுவனங்கள் எழுதியிருக்கும். வேலை நேரத்துக்கு வெளியே செய்யும் கைவேலை, நிறுவனத்தின் தொழிலுக்குத் தொடர்பே இல்லாதது என்று மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் ஆர்டர் பட்டியல் வைக்காதீர்கள். இப்போது வரும் பிளவுஸ் வருமானத்தையும் இந்த ஆண்டு வரித் தாக்கலில் காட்டிவிடுங்கள். அன்றிலிருந்தே உங்கள் தொழிலுக்கு வயது ஏறும்.

ஆரி_கோவை

விலைக்கு நான் சொல்கிறேன். லிஃப்டில் பேசாதீர்கள், யாரிடமும் தனித்தனியாக விளக்கமும் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி, எல்லோருக்கும் ஒரே நாள்: "தை முதல் தேதியிலிருந்து கை ஆரி கல்யாண பிளவுஸ் 7,500 முதல். சிம்பிள் டிசைன் 2,800 முதல். பாதி முன்பணம், டெலிவரி 20 நாள். ஏற்கெனவே எடுத்த ஆர்டர்களுக்குப் பழைய விலை." அவ்வளவுதான். மன்னிக்கவும், வருந்துகிறேன் என்று எதுவும் சேர்க்காதீர்கள். கூடவே மூன்று டிசைன் படங்களும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆனது என்பதையும் போடுங்கள். 4,500-க்கே தர முடியாதா என்று கேட்பவருக்கு அந்த விலைக்குள் அடங்கும் டிசைனைக் காட்டுங்கள், விலையைக் குறைக்காதீர்கள்.

மெட்டீரியல் இதுவரை பக்கத்துக் கடையில் வாங்கியிருப்பீர்கள். சௌகார்பேட்டைக்கு ஒரு காலைப்பொழுது போய் வாருங்கள். பீட்ஸ், ஜரி எல்லாம் அங்கே மொத்த விலைக்குக் கிடைக்கும். அந்த 1,100-இல் 300 வரை குறையும், அதை உங்கள் கூலியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாக்கம்_தோழி

செய்தியை இப்போதே தட்டச்சு செய்து வைத்துக்கொள்கிறேன். சௌகார்பேட்டைக்கு வரும் சனிக்கிழமை போகிறேன். சேலையூர், மேடவாக்கம் பக்கம் ஆரி தெரிந்த பெண்கள் யாராவது பகுதி நேரமாகச் செய்யத் தயாராக இருந்தால் இங்கேயே எழுதுங்கள். கூலி மணிக்கணக்கில் தருகிறேன்.